விருதுநகர் வட்டாரத்தில் சோற்றுக்கற்றாழை

சோற்றுக்கற்றாழை என்பது சாறு நிறைந்த தடித்த மடல்களைக் கொண்ட, வறண்ட நிலத்துக்குரிய செடி. குமரி, கன்னி என்றும் இதை அழைப்பர். தமிழில் சோறு என்பது தண்டு, மடல் ஆகியவற்றின் உள்ளிருக்கும் வெண்மையான சதையையும் குறிக்கும். பெயருக்குக் காரணம் அதுவே. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் வேலியோரச் செடியாக இருந்த இது வாசல் நிலைக்கும், பிறகு வீட்டுக்குள் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

வரலாறு

இதன் தாயகம் அரேபியத் தீபகற்பம் என்பது தாவரவியலாளர் கருத்து. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்சு பாப்பிரசு என்னும் மருத்துவச் சுவடியில் கற்றாழை இடம்பெறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடல் பெரிப்ளசு, தென்னரேபியத் துறைமுகமான கானேயிலிருந்து சாம்பிராணியுடன் கற்றாழைப் பாலும் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அந்நூல் முசிறி முதலிய தமிழகத் துறைகளையும் விவரிக்கிறது.

அக்காலத்தில் விலைபோனது இன்று நாம் முகத்தில் பூசும் சோறு அன்று. மடலை அறுத்ததும் தோலடியிலிருந்து கசியும் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கிய கரிய கட்டிதான் சரக்கு. நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம், மூசாம்பரம் என்ற பெயர்களில் அது இன்றும் கிடைக்கும். கடும் பேதி மருந்து அது. மருந்துச் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் அதைச் சேர்ப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-இல் விலக்கியது. ஆகவே மடலை அறுத்தவுடன் சிறிது நேரம் செங்குத்தாக நிறுத்திப் பாலை வடியவிட்டு, பிறகு கழுவும் பழைய வழக்கம் காரணமுள்ளது.

வேலியில் நிற்கும் மற்றொரு கற்றாழையோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். ஆனைக்கற்றாழை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம், நாரெடுக்க உதவுவது. அது வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும். அதன் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும்.

வறண்ட காற்று

மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியில் வேளாண்மையை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலையில், 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. தீக்குச்சியும் மருந்தும் காய்வதற்கு ஈரமற்ற காற்று வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கெடும். அலுமினியப் பொடி கலந்த மருந்தானால் சூடேறித் தீப்பற்றவும் கூடும். கற்றாழைக்கும் ஏற்றது அதே காற்றுதான். பகலில் மடலின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறந்து கரியமில வாயுவை இழுத்துச் சேமிப்பதால் அது மிகக் குறைந்த நீரில் பிழைக்கிறது.

வாசலில் தொங்கும் செடி

தமிழகத்தின் பிற இடங்களைப் போலவே இங்கும் வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவர். கண்ணேறு கழியும் என்பது நம்பிக்கை. மண்ணும் நீரும் இல்லாமல் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நுனி வெளிச்சத்தை நோக்கி மேலே வளையும். சில சமயம் பூக்கவும் செய்யும். அதைத் தெய்வச் செயல் என்பார்கள். உண்மையில் செடி தன் மடல்களில் சேர்த்த நீரையே செலவழிக்கிறது. அடிமடல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்குவது அதனால்தான். மிகவும் மெலிந்துவிட்ட செடியை இறக்கி, காய்ந்த வேரை நறுக்கி, மண்ணில் ஊன்றி ஒரு வாரம் கழித்து நீர் விட்டால் பெரும்பாலும் தழைத்துவிடும்.

தொட்டியில் வளர்ப்பு

தொட்டிக் கற்றாழை சாவது பெரும்பாலும் தாகத்தால் அன்று, தண்ணீரால். கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதைத் தனியாகப் பயன்படுத்தினால் வேர் அழுகும். செம்மண்ணும் பருமணலும் சம அளவு, மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி என்ற கலவை போதும். அடியில் துளையுள்ள மண்தொட்டியே சிறந்தது. இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து, மண் முழுதும் காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதுமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரும்பாலும் தேவையே இராது.

கிழக்கு ஜன்னல் ஏற்ற இடம். வெளிச்சம் போதாவிட்டால் மடல் வெளிறி நீண்டு சாயும். நிழலில் இருந்ததைத் திடீரென்று சித்திரை வெயிலில் வைத்தால் செம்பழுப்பாகும். சில நாள் நிழலில் வைத்தால் தேறிவிடும். பக்கக்கன்றுகளை விரல் நீளம் வந்தபின் பிரித்து நடலாம். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும்.

கற்றாழை இரவெல்லாம் பிராணவாயு தரும் என்ற பேச்சு பிழை. இரவில் அது கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. பிராணவாயுவை வெளிவிடுவது வெளிச்சம் உள்ளபோதுதான். அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்பதற்கு 1989-இல் வெளியான நாசா ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு கூண்டுக்குள் செய்த சோதனை. காற்று வந்துபோகும் வீட்டில் சில தொட்டிகளால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2019-இல் வந்த மீளாய்வு காட்டியது.

தீக்காயமும் கற்றாழையும்

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் இச்செடியைப் பற்றிச் சரியாக அறிந்திருப்பது உயிர் தொடர்பான செய்தி. எக்ஸ் கதிரால் புண்பட்ட தோலுக்குக் கற்றாழை மடல் பயன்பட்டதாக 1935-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரைதான் சோற்றின் உலகப் புகழுக்குத் தொடக்கம். 2007-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் 371 நோயாளிகளைக் கொண்ட 4 ஆய்வுகளைத் தொகுத்து, மேலோட்டமான தீக்காயங்கள் கற்றாழையால் சராசரியாக 9 நாள் முன்னதாக ஆறின என்று கணித்தனர். ஆய்வுகள் சிறியவை, பயன்படுத்திய மருந்துகளும் ஒன்றுபோல் இல்லை என்பதை அவர்களே குறிப்பிட்டுள்ளனர்.

இது அடுப்படியில் படும் சூட்டுக்காயம் போன்றவற்றுக்கே பொருந்தும். வெடிமருந்துத் தீ வேறு வகை. உரிமம் பெற்ற ஆலைகளில் மட்டுமன்றி, விதிக்குப் புறம்பாக வீடுகளுக்குள் நடக்கும் வேலையிலும் விபத்துகள் நேர்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தகைய காயத்தில் முதலில் மருந்துப்பொடி படிந்த உடையை அகற்ற வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. ஓடும் நீரில் 20 நிமிடம் குளிர்வித்து, தூய துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். இங்கே கற்றாழைச் சோறு, மை, பற்பசை எதுவும் உதவாது. வீட்டில் அறுத்த மடல் கிருமி நீக்கப்பட்டதன்று; தோல் உரிந்த இடத்தில் சீழ் பிடிக்கும். பூசிய சோற்றைத் துடைத்தெடுத்த பிறகே மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியும். நோயாளிக்கு மிகுந்த வலி தரும் வேலை அது.