மீனின் மூச்சும் மின்கலமும்

மின்சாரம் தடைப்பட்டால் விளக்கு அணைகிறது, மின்விசிறி நிற்கிறது. நாம் விசிறிமட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறோம். கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு அந்த வசதி இல்லை. தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்த காற்றுப் பம்பும் நின்றுவிடுகிறது. முதலில் ஒன்றும் தெரியாது. மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியானால், சில மணி நேரத்தில் அவை ஒவ்வொன்றாக நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும்.

குளத்து மீன் எந்த மின்சாரத்தையும் நம்பி வாழவில்லை. தொட்டி மீன் மட்டும் எப்போது மின்கம்பிக்குக் கட்டுப்பட்டது? அதற்குத் துணையாக மின்கலம் எவ்வாறு வந்து சேர்ந்தது? ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு இது. ஆனால் அதன் உட்பொருள் முழுவதும் பௌதிகமே.

கையால் ஊற்றிய காலம்

1846-ஆம் ஆண்டில் ஆனா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி, டார்க்கே கடற்கரையிலிருந்து சில கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து ஜாடியில் வளர்த்தார். கடல் தொலைவில் இருந்தது. நாள்தோறும் புதுக் கடல்நீர் கிடைக்காது. ஆகவே ஜாடியின் நீரைத் திறந்த சன்னலருகே வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் ஊரில் காப்பியை ஆற்றுவது போலத்தான். இதில் பெரும்பாடு அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு! பிறகு நீருக்குள் கடற்பாசிகளையும் சேர்த்தார்.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் லண்டன் வேதியியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படைத்தார். கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிறு பொன்மீன்கள், வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடி, சில நத்தைகள். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது. செடி வெளிவிடும் ஆக்சிஜனை மீன் ஏற்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. நீரை மாற்றவே வேண்டாம் என்று அவர் காட்டினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கெனத் தனிக் கூடம் திறக்கப்பட்டது. வீடுகளிலும் மீன்தொட்டி மோகம் பரவிற்று.

மோகம் கொண்டோர் ஒன்றை மறந்தார்கள். வாரிங்டன் வைத்தவை இரண்டே இரண்டு சிறு மீன்கள். செடி ஆக்சிஜன் தருவது வெளிச்சத்தில் மட்டும் என்பதை இங்கன்ஹவுஸ் 1779-லேயே நிறுவியிருந்தார். இரவில் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. கண் நிறையும் அளவுக்கு மீன் விட்டவர்களின் தொட்டிகள் விடியும் முன்பே நாறின.

நீரில் ஆக்சிஜன் எவ்வளவு?

இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் பார்ப்போம். நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் உள்ள நன்னீர், காற்றோடு முழுமையாகக் கலந்திருந்தாலும், லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம்தான் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கடல்நீரில் இன்னும் குறைவு. ஆக, நம் ஊர் வெப்பத்தில் மீனுக்குக் கிடைப்பது நமக்குக் கிடைப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. நீர் சூடேறினால் மீனின் தேவை கூடுகிறது, நீரின் கொள்ளளவோ குறைகிறது. கோடையில் வரும் மின்வெட்டு இரட்டைக் கேடு.

மேற்பரப்பில் எந்நேரமும் காற்றுப் படுகிறதே, அது உள்ளே இறங்காதா? இறங்கும், ஆனால் எவ்வளவு வேகத்தில்? அசையாத நீரில் ஆக்சிஜன் பரவுவது விரவல் முறையில் மட்டுமே. விரவ ஆகும் நேரம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்கு 4 நிமிடம் போதும். 30 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 260 நாள் வருகிறது! என் வகுப்பு மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், எங்கோ புள்ளி தவறிவிட்டது என்று மறுபடியும் போட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் எந்தத் தொட்டி நீரும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. மீனின் வால் அசைவே நீரைக் கலக்குகிறது. இருப்பினும் கணக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. மேலே உள்ள நீர் கீழேயும், கீழே உள்ளது மேலேயும் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். காற்றுப் பம்பின் தலையாய வேலையும் அதுவே. குமிழிக்குள் இருக்கும் காற்று நீரில் கரைவது சிறு பங்கு. குமிழி தன்னோடு நீரை மேலே இழுத்துச் சென்று புரட்டுவதே பெரும் பங்கு.

நீராவி, அழுத்திய காற்று

இதை எண்களின்றியே உணர்ந்தவர் வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு. லண்டன் கிரிஸ்டல் பாலசில் 1871-இல் எழுந்த பெரிய மீன் காட்சிச்சாலையை வகுத்தவர் அவரே. காட்சித் தொட்டிகளின் நீரைவிடப் பல மடங்கு நீரை நிலத்தடித் தேக்கத்தில் இருட்டில் வைத்தார். நீராவிப் பொறியால் இயங்கும் பம்புகள் இரவும் பகலும் நீரைச் சுற்றிவரச் செய்தன. அன்றே மீனின் மூச்சு எந்திரத்தை நம்பத் தொடங்கிவிட்டது. ஆயினும் அந்தப் பெரிய தேக்கம், எந்திரம் நின்றால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும் சேமிப்பாகவும் அமைந்தது. பெரிய தொட்டியில் சிறிய மீன் என்பது இன்றைக்கும் மலிவான காப்பீடு.

வீட்டில் நீராவிப் பொறி ஏது? ஐரோப்பிய மீன் பிரியர்கள் உலோகக் கலம் ஒன்றில் கைப்பம்பால் காற்றை அழுத்தி அடைத்தார்கள். அது சிறு திருகு வழியாக மெல்லக் கசிந்து தொட்டியில் குமிழி விடும். காலையில் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல அடித்துவிட்டால் பல மணி நேரம் கவலையில்லை. ஆற்றலை முன்கூட்டியே சேமித்துப் பின்னர் சிறிது சிறிதாகச் செலவிடும் ஏற்பாடு இது. மின்கலம் செய்வதும் இதையேதான்.

பெட்டியில் வந்த மின்சாரம்

1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாந்தே இரு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் சேமக்கலத்தைச் செய்தார். காமில் ஃபோர் என்பவர் 1881-இல் ஈய ஆக்சைடைப் பசையாக்கித் தகட்டில் அப்பி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அந்த ஆண்டு மே மாதத்தில் ஃபோரின் கலங்கள் கொண்ட மரப்பெட்டி ஒன்று, மின்னேற்றப்பட்ட நிலையில், பாரிசிலிருந்து கிளாஸ்கோவுக்கு 72 மணி நேரப் பயணமாக வந்தது. பெற்றுக்கொண்டவர் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன். அந்தப் பெட்டிக்குள் பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் இருப்பதாகச் செய்தி வந்தபோது மக்கள் வியந்தனர்.

அதை இன்றைய அலகுக்கு மாற்றுவோம். சுமார் 13.6 லட்சம் ஜூல். மீன்தொட்டியின் சிறு காற்றுப் பம்புக்கு 3 வாட் போதும். அப்படியானால் தாம்சனின் பெட்டி ஒரு தொட்டியின் மூச்சை ஐந்து நாளுக்கு மேல் காத்திருக்கும்! தொட்டிக்கு வேண்டிய காவல் 1881-லேயே உலகில் இருந்தது. பின் ஏன் அது தொட்டியின் அருகே வரவில்லை?

காரணம் மின்சாரம் எடுத்த திருப்பம். 1880-களின் மின்நிலையங்கள் பல நேர்திசை மின்னோட்டத்தை வழங்கின. லண்டனின் கென்சிங்டன் பகுதியில் கிராம்ப்டன் நிறுவிய நிலையம் போன்றவற்றில் சேமக்கல வரிசைகள் இருந்தன. எந்திரம் ஓய்ந்தாலும் அவை மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் நேர்திசை மின்னோட்டத்தை அன்று தொலைதூரம் அனுப்புவது கடினம். மின்மாற்றியின் துணையால் மாறுதிசை மின்னோட்டம் ஊர்விட்டு ஊர் சென்றது. 1896-இல் நயாகரா மின்சாரம் பஃபலோ நகரை எட்டியபோது போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. மாறுதிசை மின்னோட்டத்தை அப்படியே சேமக்கலத்தில் அடைக்க முடியாது. அரைச் சுழற்சியில் ஏறியது அடுத்த அரைச் சுழற்சியில் இறங்கிவிடும். தெருக்கோடி நிலையத்தில் இருந்த சேமிப்பு இவ்வாறு கழன்றது. இந்த மாற்றத்தால் உலகம் பெற்ற நன்மை பெரிது. இழந்ததையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

பின்னர் வந்த மீன்தொட்டிப் பம்பு அந்த மாறுதிசை மின்னோட்டத்தின் குழந்தை. அதைத் திறந்து பார்த்தால் மோட்டாரே இருக்காது. ஒரு கம்பிச்சுருள், ஒரு நெம்புகோலின் நுனியில் நிலைக்காந்தம், அதோடு ஒட்டிய ரப்பர் கிண்ணம், இரு சிறு வால்வுகள், அவ்வளவே. சுருளின் துருவம் நொடிக்கு 50 சுழற்சி வீதம் மாற மாற, காந்தம் இப்படியும் அப்படியும் ஆடி ரப்பரை அமுக்குகிறது. தேய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, விலையும் குறைவு. மிக அழகான கருவி. ஆனால் மின்கலத்தை நேராக இணைத்தால் காந்தம் ஒரு பக்கம் இழுபட்டு அங்கேயே நிற்கும். சுருளில் வெறும் சூடுதான் மிஞ்சும்.

நியூ ஆர்லியன்ஸ், 2005

இந்தச் சார்பின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உலகம் கண்டது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1990-இல் திறக்கப்பட்ட ஆடுபன் மீன் காட்சிச்சாலை அங்குள்ளது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா சூறாவளி தாக்கியது. கட்டடத்திற்குப் பெருஞ்சேதம் இல்லை. அவசர மின்னாக்கியும் இருந்தது. ஆனால் நகரம் வெள்ளத்தில் மூழ்க, பணியாளர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மின்னாக்கியும் ஓய்ந்தது. பம்புகள் நின்றன. ஏறக்குறைய 10,000 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன.

பிழைத்தவை எவை என்று பாருங்கள்: பென்குவின்கள், நீர்நாய்கள், ஒரு பெரிய கடலாமை, வெள்ளை முதலை. எல்லாம் நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பவை. நீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பியவற்றுள் தப்பியவை மிகச் சில. நம் ஊர்ச் சந்தையில் விரால் மீன் மணிக்கணக்கில் சிறிது நீரில் உயிரோடு கிடப்பதும் இதனால்தான். வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. பனையேறி மீனும் அவ்வாறே. காட்சிச்சாலை 2006 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

மின்கலம் திரும்பி வந்தது

வீட்டுத் தொட்டிக்கு மின்கலம் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, தூண்டில்காரர்கள் உயிருள்ள இரையைக் காக்க வாளியில் மாட்டிய சிறு பம்பு. டார்ச் விளக்கின் உலர்மின்கலம் ஒன்றிரண்டில் ஓடும் நேர்திசை மோட்டார் அதில் உண்டு. சுவர் மின்சாரம் நின்றதும் தானே இயங்கத் தொடங்கும் வகையும் பின்னர் வந்தது. இரண்டாவது, கணிப்பொறிக்கும் வீட்டு விளக்குக்கும் வந்த இன்வெர்ட்டர். மூன்றாவது, மூடிய சேமக்கலத்தோடு நேராக இணைக்கும் 12 வோல்ட் பம்பு. 1957-இல் ஜெர்மனியில் அமிலத்தைக் கூழாக்கி அடைத்த கலம் வந்த பிறகு, அமிலம் சிந்தும் அச்சமின்றி அதைத் தொட்டியின் பக்கத்தில் வைக்க முடிந்தது. இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலமும் கிடைக்கிறது.

இவற்றுள் மூன்றாவதே என் தேர்வு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கலத்தில் உள்ளது 84 வாட்-மணி. ஈயக் கலத்தை முழுவதும் வடித்தால் அதன் ஆயுள் குறையும். பாதியை எடுப்போம், 42 வாட்-மணி. 3 வாட் நேர்திசைப் பம்பு இதில் 14 மணி நேரம் ஓடும். அதே கலத்தை இன்வெர்ட்டரோடு இணைத்தால், இன்வெர்ட்டர் தன் செலவுக்கே 10 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பூசாரிக்கே படையல் தீர்ந்தது போல. மேலும், மெதுவாக எடுக்குந்தோறும் ஈயக் கலம் அதிகம் கொடுக்கும் என்பதை 1897-இல் பாய்க்கர்ட் கண்டறிந்தார். மீன்தொட்டி அதற்கு ஏற்ற பயனாளி. வீடு முழுவதற்கும் பெரிய இன்வெர்ட்டர் இருந்தால் பம்பை அதில் சேர்ப்பதில் தவறில்லை. சதுர அலை தரும் வகையானால் பம்பு சற்று உறுமும், சூடாகும்.

வெப்பமூட்டியை மட்டும் கலத்தில் மாட்டாதீர்கள். 100 லிட்டர் நீரை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 116 வாட்-மணி வேண்டும். நம் கலத்தில் மொத்தமே 84. நீர் தானாகவே பெரிய வெப்பச் சேமிப்பு; குளிர்நாடுகளில் தொட்டியைக் கம்பளியால் போர்த்துகிறார்கள். விளக்கும் வேண்டாம், உணவும் வேண்டாம், செரிமானத்திற்கு ஆக்சிஜன் செலவாகும். கலமும் தீர்ந்துவிட்டால், சொம்பில் நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றலாம். ஆனா தைன் வீட்டுப் பணிப்பெண்ணின் முறை பழுதில்லாதது.

மின்சாரம் வந்தபின் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூடிய பெட்டி வடிவ வடிகட்டிக்குள் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் பல மணி நேரம் நின்றிருந்தால் அவை மடிந்து, பெட்டிக்குள் தேங்கிய நீர் கெட்டிருக்கும். அந்த நீரை வெளியே கொட்டி, வடிகட்டியைத் தொட்டி நீரிலேயே அலசிய பின்பே பொத்தானைப் போட வேண்டும்.