அண்ணாமலை ஏற அனுமதிச் சீட்டு

எங்கள் ஊர் குடவாசலில் மலை கிடையாது. கோணேசர் கோயில் கோச்செங்கட் சோழன் எழுப்பிய மாடக்கோயில்; அதன் படியேறி நின்றால் அதுதான் எங்களுக்கு உயரம். மற்றதெல்லாம் வயல். கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் திருவண்ணாமலை நினைப்பு வந்துவிடும். உள்ளூர்ச் சொக்கப்பனையில் மனம் ஆறாது.

'அண்ணாமலை அவிந்துபோன எரிமலை சார்' என்று அங்கே போகும் பஸ்ஸில் ஒருவராவது சொல்வார். அந்தப் பாறை பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய பழம்பாறை. எரிமலை கக்கியது அல்ல. கிருத யுகத்தில் நெருப்பாக இருந்து கலியில் கல்லானது என்பது புராணக் கணக்கு. நிஜ எரிமலை வேண்டுமென்றால் அந்தமானுக்குத்தான் போகவேண்டும். அங்கே பாரன் தீவு 1991-ல் மறுபடி விழித்துக்கொண்டது. பயணிகள் அதைக் கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், இறங்க விடமாட்டார்கள். ஜாவாவின் புரோமோவில் தெங்கர் மக்கள் கசாடா விழாவன்று காய்கறியையும் கோழியையும் எரிமலை வாய்க்குள்ளேயே போடுகிறார்கள். நாம் இங்கே கார்த்திகை தீபத்தன்று நெய்யைச் சுமந்துபோய் அண்ணாமலை உச்சியில் தீ மூட்டுகிறோம்.

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. எவரும் எப்போதும் ஏறலாம் என்ற காலம் ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. மலையே லிங்கம், அதன்மேல் கால் வைப்பதா என்று அடிவாரத்தோடு நின்று வலம் வந்தவர்கள் எத்தனையோ பேர். கொப்பரையை மேலே கொண்டுபோய்த் தீபம் ஏற்றுவதோ பர்வதராஜகுலத்தாரின் உரிமை, மீனவர் குலம். திரிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத்துணி, 3,500 கிலோவுக்கு மேல் நெய். அத்தனையும் மனிதத் தோளில்தான் ஏறுகிறது. ஆகவே யார் ஏறலாம் என்ற கேள்வி பழையது. அதற்குச் சீட்டு வந்ததுதான் புதிது.

கூட்டம் பெருகியதும் தீபத்தன்று 2,500 பேர் மட்டும் என்று மாவட்ட நிர்வாகம் வரையறுத்தது. ஆதார் நகலோடு விடியற்காலையிலேயே வரிசையில் நின்று சீட்டு வாங்கவேண்டியிருந்தது. கற்பூரம், தீப்பெட்டி கூடாது. குறித்த பாதையில்தான் ஏறவேண்டும். கையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்றெல்லாம் விதி இருந்தது. காய்ந்த சருகும் புல்லும் நிறைந்த மலை என்பதால் தீப்பெட்டி விஷயத்தில் மட்டும் நான் அதிகாரிகள் கட்சி. 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களை என்ன செய்தது என்று தமிழ்நாடே பார்த்தது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது.

2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐவர் குழந்தைகள். தீபத்துக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. வல்லுநர்கள் மலையைப் பார்த்தார்கள். மண் ஊறிக் கிடக்கிறது, கூட்டம் தாங்காது என்றார்கள். கொப்பரையும் நெய்யும் சுமப்பவர்களைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை என்றாகிவிட்டது. டிசம்பர் 13 மாலை தீபம் வழக்கம்போல் எரிந்தது. பழைய ஏற்பாடு அப்படியே திரும்பி வந்திருந்தது: பர்வதராஜகுலத்தார் மேலே, நாங்கள் கீழே, சீட்டில்லாத 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில்.