சுங்கை வேயும் கூலிக் கணக்கும்

கோலாலம்பூரிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளானை நோக்கிச் செல்வோர் சுங்கை வேயைக் கடந்தே செல்லுதல் வேண்டும். அவசரகால ஆட்சியில் அமைக்கப்பெற்ற புதுக்கிராமம் ஒன்று அங்கு உண்டு. ஸ்ரீ செத்தியா என்று பிற்காலத்தில் பெயர் சூட்டப்பட்டும், மக்கள் நாவில் அது சுங்கை வேயாகவே நிலைத்துவிட்டது. சுற்றுப்புறத்தில் சீபோர்ட், சீபில்ட் முதலான ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1960களில் மதுவடிப்பாலை ஒன்று எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் தடையற்ற வாணிப வட்டாரம் ஒன்று வேலியிட்டு வகுக்கப்பட்டது. பால்மரக் காட்டிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைக்கு ஒரே தலைமுறையில் தாவிய ஊர் அது. வேலையின் தன்மை மாறிற்று. கூலி கைக்கு வந்து சேருமுன் குறைந்துபோகும் வழக்கமோ அவ்வளவு எளிதில் மாறவில்லை.

கூலித் திருட்டு என்றவுடன் பெட்டியை உடைத்துப் பணத்தைக் கவர்வது போன்ற ஒரு காட்சி மனத்தில் தோன்றக்கூடும். உண்மையில் அது பேரேட்டில் நிகழ்வது. முழுநாள் உழைத்தவனுக்கு அரைநாள் பெயர் எழுதுதல், மிகைநேர வேலையைக் கணக்கில் சேர்க்காது விடுதல், கேளாத முன்பணத்துக்குக் கழித்தல், சம்பள நாளைத் தள்ளிக்கொண்டே போதல் ஆகிய யாவும் மையினால் நடைபெறும் திருட்டுகள். எழுதுபவன் ஒருவன், உழைப்பவன் வேறொருவன். அந்த ஏட்டைத் தொழிலாளி பார்க்கக்கூடுமா, பார்த்தாலும் படிக்கக்கூடுமா, படித்தாலும் மறுத்துரைக்கக்கூடுமா என்னும் மூன்று வினாக்களிலேயே மலேசியத் தமிழர் தொழில் வரலாற்றின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது.

கங்காணி முறையை எடுத்துக்கொள்வோம். தான் அழைத்துவந்த ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. வேலைக்கு ஆள் பிடித்தவனும், வேலை வாங்கியவனும், முன்பணத்துக்குப் பொறுப்பானவனும், சில இடங்களில் கடை வைத்திருந்தவனும் ஒருவனாகவே இருந்தான். சம்பள நாளில் தொழிலாளியின் கையில் மிஞ்சியது பெரும்பாலும் அவன் கணக்கே. இலங்கைத் தோட்டங்களில் இதே நோய் 'துண்டு' என்னும் வடிவம் கொண்டது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக இயலாதபடி கட்டிவைத்த அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1919இல், பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலக் கழகம் ஒன்றை நிறுவி, இந்தியத் தொழிலாளர்க்காகக் குரலெழுப்பினார். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. ஆயினும் முறை முடிந்தமையாலேயே பழக்கமும் முடிந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை.

இனி, அரசே வகுத்த கூலியைக் காண்போம். 1920களின் பிற்பகுதியில் கிள்ளான் போன்ற முதன்மைப் பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் தரக்கூலியாக வரையறுக்கப்பட்டன. ரப்பர் விலை சரிந்தபோது இது 40, 32 எனக் குறைந்து, பின்னர் அதனினும் கீழிறங்கிற்று. விலை தேறியபின் பழைய அளவு மீண்டது. 1938இல் மீண்டும் 45, 36 என வெட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் குடியேற்றத்தையே தடை செய்தது. இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குக. 50க்கு 40, 40க்கு 32, 45க்கு 36. இம்மூன்று அளவுகளிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு என்னும் விகிதம் மட்டும் ஒரு காசும் பிசகவில்லை! அதே மரம், அதே உளி, அதே வாளி. விகிதம் மட்டும் வேறு. இது அந்நாளில் சட்டப்படியான கூலி. ஆதலின் இதனைத் திருட்டென்று எந்த அலுவலகமும் பதிவு செய்யவில்லை.

1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்களைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு விரித்துரைத்தல் தகும். போர்க்காலத்தில் ரப்பருக்குத் தேவை பெருகிற்று. தோட்டங்கள் நல்ல இலாபம் கண்டன. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளர் தமிழரினும் கூடுதலாகப் பெற்றனர். 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தோட்ட மக்களைத் திரட்டினார். பத்திரிகையாளர் ஒருவர் தொழிலாளர் தலைவரானது தற்செயலன்று எனலாம். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர், படிக்கத் தெரியாதார் பக்கம் வந்து நின்றார் என்பதே அதன் பொருள்.

அவர்களுடைய கோரிக்கைகளுள் கூலி உயர்வு முதன்மையானது. எனினும் அது ஒன்றே அன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் தொல்லைக்கு உள்ளாக்குவதை நிறுத்துதல், கொடுமை இழைக்கும் அலுவலர்களை நீக்குதல், துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியனவும் அதில் இடம்பெற்றன. கூலியையும் மிதிவண்டியையும் ஒரே தாளில் எழுதியதைக் கண்டு அந்நாளில் நகைத்தோர் இருந்திருக்கலாம். ஆனால் அம்மக்கள் சரியாகவே கணக்கிட்டனர். வண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டியவன் பேரேட்டைக் காட்டுமாறு கேட்க இயலாது. கள்ளுக்கடையும் அவ்வாறே: ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஓரளவு கூலி உயர்வுடன் முதற்கட்டம் தணிந்தது. மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் மீண்டும் எழுந்தனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் படையெடுப்புத் தொடங்கிற்று.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் பல தோன்றின, சில நசுக்கப்பட்டன, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் வளர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்ததே 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். இச்சட்டத்தைச் சட்ட நூலாக மட்டும் படித்தல் போதாது; வரலாற்று ஏடாகவும் படித்தல் வேண்டும். கூலிக்காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் கூலி தரப்பட வேண்டும் என்றது. அவ்வாறு தரப்படாத காலம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. செல்லத்தக்க நாணயத்தில் தருக என்றது. சீட்டாகவும் சாமானாகவும் தந்த காலம் அதன் பின்னே நிற்கிறது. கூலியை எங்கே செலவிடுவது என்று நிபந்தனை விதிக்கலாகாது, முன்பணத்துக்கு வட்டி பெறலாகாது, மதுக்கடையிலும் சில்லறைக் கடையிலும் வைத்துக் கூலி வழங்கலாகாது என்றெல்லாம் அது விதித்தது. ஒவ்வொரு விலக்கும் ஒரு பழைய காயத்தின் மேல் இட்ட கட்டு. தொழில் அலுவலகத்தில் வழக்குரைஞர் இன்றியே முறையிடவும் அச்சட்டம் வழி செய்தது. இஃது ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த நல்ல கருவியே. ஆயினும் கருவியைக் கையில் எடுப்பதற்கு அவன் அருகே யாரேனும் இருக்க வேண்டுமல்லவா?

சுங்கை வேயின் வாணிப வட்டாரத்தில் அந்த 'யாரேனும்' இல்லாதிருந்தனர். 1971ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு மின்னணு நிறுவனங்கள் வந்தன. கம்பங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்களும், தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும், புதுக்கிராமச் சீனப் பெண்களும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் முன் மணிக்கணக்கில் அமர்ந்தனர். மின்சாரத் தொழிலாளர் சங்கம் இவர்களை உறுப்பினராக்க முயன்றபோது, மின்னணுத் தொழில் வேறு, மின்சாரத் தொழில் வேறு என்று அதிகாரிகள் விளக்கம் தந்து தடுத்தனர். இலக்கண ஆசிரியரும் வியக்கத்தக்க சொல்லாராய்ச்சி அது! 1974, 75ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தை சுருங்கியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பேசுவதற்குச் சங்கம் இல்லை.

இவ்விடத்தில்தான் சமய அமைப்பொன்று வரலாற்றில் நுழைகிறது. பெல்ஜியம் நாட்டுக் குரு ஜோசப் கார்டைன் தொடங்கிய இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் மலேசியாவிலும் வேர்கொண்டிருந்தது. நிலைமையைக் கண்ணால் காணுதல், அறத்தின் ஒளியில் ஆராய்தல், பின் செயலில் இறங்குதல் என்னும் மூன்று படிகள் அதன் முறை. 1970இல் ஆசிரியப் பணியைத் துறந்து இவ்வியக்கத்தின் முழுநேரப் பணியாளரானார் ஐரின் பெர்னாண்டஸ். 1946இல் பிறந்த அவர், ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். நெசவாலைத் தொழிலாளரிடையே சங்கம் அமையப் பாடுபட்டதோடு, வாணிப வட்டாரத் தொழிலாளரிடையேயும் சங்க உணர்வை வளர்த்தார்.

சங்கம் என்னும் பெயரில் கூடத் தடையிருந்த நாளில், வழிபாட்டுக்குப் பின் கூடிப் பேசுவதைத் தடுத்தல் அத்துணை எளிதன்று. அத்தகைய கூட்டம் கற்பிக்கக்கூடிய பாடம் மிக எளியது: வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் நாள்தோறும் சொந்தக் குறிப்பேட்டில் எழுது, சம்பளச் சீட்டை எறியாதே. நிறுவனத்தின் ஏட்டுக்கு எதிராகத் தொழிலாளியின் ஏடு ஒன்று பிறந்துவிட்டால் வழக்கு சமநிலை பெறுகிறது.

தோட்டக் கோயில் ஏன் இவ்விடத்தைப் பெறவில்லை என்னும் வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. தோட்ட மக்களுக்குக் கோயிலே நெஞ்சம். திருவிழாவே ஆண்டின் உச்சம். ஆனால் கோயில் நின்ற மண் தோட்ட நிருவாகத்துடையது. அதன் முதன்மை பல இடங்களில் கங்காணியின் அல்லது கிராணியின் கையில் இருந்தது. கோயில் சந்தாவே சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகைகளுள் ஒன்றாகச் சில தோட்டங்களில் பேரேட்டில் ஏறிற்று. துரை ஆதரவில் நடக்கும் விழாவின் மண்டபத்தில் துரையின் கணக்கை ஆராய்வது எங்ஙனம்? குறை பக்தியில் இல்லை. நிலத்தின் உரிமையில் இருந்தது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி தரப்பட வேண்டும் என்னும் கருத்து இசுலாமிய மரபில் உண்டு. நேர்மையான கூலியை வலியுறுத்தும் திருத்தந்தையின் சுற்றுமடல் 1891இலேயே வெளிவந்தது. கொள்கைக்கு எச்சமயத்திலும் பஞ்சமில்லை. கூடிப் பேச ஓர் அறை யாருக்கு இருந்தது என்பதே வரலாற்றை நிர்ணயித்தது.

அந்த அறைக்கும் இடர் வராமல் இல்லை. 1987 அக்டோபர் இறுதியில் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதாயினர். தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டும், திருச்சபையின் சமூகப் பணியை நடத்திய சகோதரர் அந்தோணி ரோஜர்சும் அவர்களுள் அடங்குவர். தொழிற்சங்கமும் திருச்சபையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது கருதத்தக்கது. மறு ஆண்டு செப்டம்பரில் மின்னணுத் தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்று அமைச்சர் அறிவித்தார். சில வாரங்களில் அது நிறுவனத்துக்குள் அடங்கும் சங்கமாகச் சுருங்கிற்று. வட்டார அளவிலான சங்கங்கள் தோன்ற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அதற்குள் ஆலைகளில் ஆள் மாறிவிட்டனர். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்து வந்தோர் உழைக்கலாயினர். 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் 'தெனகானித்தா' அமைப்பை நிறுவினார். பழைய கங்காணியின் இடத்தில் ஆள்முகவர் இருந்தார். தலைக்காசின் இடத்தில் தரகுப்பணம் இருந்தது. முன்பணத்தின் இடத்தில் ஊரில் வாங்கிய கடன் இருந்தது. 2013இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வரியை அவர்கள் ஊதியத்திலேயே பிடித்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. 2018இல்தான் அச்சுமை மீண்டும் முதலாளியைச் சேர்ந்தது.

இவர்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. கூலி கேட்டவரை முதலாளி வேலையினின்று நீக்கினால், வேலை அனுமதியும் போய்விடும். வழக்கு நடத்த நாட்டில் தங்குவதற்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். மாதத்துக்கு 100 ரிங்கிட் கட்டணம். அக்காலத்தில் வேலை செய்யவும் கூடாது. வரவேண்டிய கூலியைப் பெற, வருவாயின்றி மாதாமாதம் பணம் கட்டிக் காத்திருப்பவர் எத்தனை பேர்? பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினர். ஆகவேதான் உணவும் உறைவிடமும் தரும் தொண்டர்களின் பணி, வழக்காடுவோரின் பணிக்கு இணையானதாயிற்று.

அமெரிக்காவிலும் 1996இல் கிம் போபோ என்பார் பல சமயத்தாரை ஒருங்கிணைத்துத் தொழிலாளர் நீதிக்கான அமைப்பொன்றை நிறுவினார். 'கூலித் திருட்டு' என்னும் சொல்லாட்சி அங்குப் பரவலாக வழங்குவதற்கு அவர் எழுதிய நூலும் காரணம். செல்வ நாட்டுக்கும் இந்நோய் பொதுவே.

ஐரின் பெர்னாண்டஸ் செலுத்திய விலை சிறிதன்று. தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பட்ட கொடுமைகளை 1995இல் அறிக்கையாக வெளியிட்டதற்காக, மறு ஆண்டு அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. இடையே 2005இல் வாழ்வுரிமை விருது எனப்படும் பன்னாட்டு விருது அவரை வந்தடைந்தது. 2014 மார்ச் 31ஆம் நாள் அவர் மறைந்தார்.

1955ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்று, 2023 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. கட்டாய உழைப்பு குற்றமென அதில் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டு வேலை செய்வோரைக் குறித்துவந்த 'வேலைக்காரர்' என்னும் பொருளுடைய சொல் நீக்கப்பட்டு, 'பணியாளர்' என்னும் சொல் இடப்பட்டது. ஆனால் வேலை நேரம், வார ஓய்வு ஆகியன பற்றிய விதிகளை அத்திருத்தம் அவர்களுக்கு நீட்டிக்கவில்லை. பூட்டிய வீட்டுக்குள் தனியே உழைக்கும் பெண்ணின் வேலை நேரத்தை எழுதிவைக்க அவளுடைய சொந்தக் குறிப்பேட்டைத் தவிர அன்று வேறு ஏடு இல்லை.