வேகமானி மாற்றி

ஜப்பானிலிருந்து பிரிட்டனுக்கு இறக்குமதியாகும் பழைய கார்களில், கிலோமீட்டர் கணக்கை மைல் கணக்காக்கப் பொருத்தும் சிறு மின்னணுப் பெட்டி. கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து வரும் துடிப்புகளை 0.621 மடங்காகக் குறைத்து மீட்டருக்கு அனுப்பும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஜப்பானைப் போலவே கிலோமீட்டர்தான் என்பதால் இங்கே இதற்கு வேலையில்லை.

வண்டி 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 97 காட்டினால், துடிப்பு குறையாமல் அப்படியே போகிறது என்று பொருள். முள் எழவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், எர்த், பிறகு ஒயர் இணைப்பு. துள்ளினால் பெரும்பாலும் எர்த் தளர்ந்திருக்கும். பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில்: இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பிரியும் ஒயருக்கு முன்னால் மாற்றியை இணைத்துவிட்டால், அதற்கும் குறைந்த வேகமே போய்ச் சேரும். ஜப்பானியக் கார்களில் அந்தக் கம்ப்யூட்டர் விதிக்கும் 180 கி.மீ. வேக வரம்பு தள்ளிப்போகும். ஆட்டோமேட்டிக் கியர் மாறும் நேரமும் பிசகலாம். மீட்டருக்குச் செல்லும் ஒயரில் மட்டும் இணைப்பதே முறை.

பூம்பாறை போன்ற மலையூர்களில் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினால் இதே வகைப் பிழை மாற்றி இல்லாமலே வரும். விட்டம் 10 சதவீதம் கூடினால், மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-இல் போகும். மலை இறக்கத்தில் இது சின்ன விஷயமல்ல. ஜி.பி.எஸ். வைத்துச் சரிபார்ப்பவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் பார்க்க வேண்டாம். வத்தலக்குண்டுப் பக்கம் சமவெளிக்கு இறங்கி, நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் பார்க்கவும்.