படை நீங்கிய பின்: இந்திய அமைதிப்படைக்குத் துணைநின்ற தமிழரின் புகலிடச் சிக்கல் (1987–1990)

முன்னுரை

அயற்படையொன்று தான் அறியாத நிலத்தில் போரிடும்போது, அந்நிலத்து மக்களுள் சிலரே அதற்குக் கண்ணும் நாவும் ஆகின்றனர். படை நீங்கிய பின் அவர்களைக் காப்பவர் யார்? 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது உலகம் எழுப்பிய இவ்வினாவை ஈழத்தமிழர் 1990இலேயே எதிர்கொண்டனர். அந்நிகழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது.

படையும் மொழியும்

1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைதிப்படை வடக்கிலும் கிழக்கிலும் நிலைகொண்டது. அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. வீரருட் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர். எனவே வழிகாட்டவும், ஊராரிடம் பேசவும், ஆளை இனங்காணவும் புலிகளுக்கு எதிரான இயக்கங்களின் இளைஞரைப் படை சார்ந்திருந்தது. சுற்றிவளைப்புகளில் முகம் மறைத்து ஆளைக் காட்டியவரை மக்கள் 'தலையாட்டி' என்றனர். அச்சமும் வெறுப்பும் அச்சொல்லில் உறைந்துள்ளன.

1989இல் உருவான தமிழ்த் தேசிய இராணுவத்தில் இளைஞர் பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். ஆகவே விரும்பி வந்தவரையும் இழுத்துவரப்பட்டவரையும் 'துணைவர்' என்னும் ஒரே சொல்லால் குறித்தல் பொருந்தாது. ஆயினும் படை விலகியபோது இருசாராரையும் சூழ்ந்த ஆபத்து ஒன்றே.

வெளியேற்றமும் புகலிடமும்

அமைதிப்படை பகுதி பகுதியாக விலக, தமிழ்த் தேசிய இராணுவம் சிதைந்தது. பிடிபட்டோர் பலர் கொல்லப்பட்டனர். 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவும் திருகோணமலையை விட்டு நீங்கியது. ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியினரும் குடும்பத்தாரும் கடல்வழியே இந்தியா கொண்டுவரப்பட்டனர். அவர்களை ஏற்கத் தமிழக அரசு முன்வராமையால், பலர் தமிழ் வழங்காத ஒரிசாவின் மல்கான்கிரியில் தங்கவைக்கப்பட்டனர். தமிழகமும் காப்பான இடமாக இல்லை: ஜூன் 19இல் முன்னணியின் தலைவர் பத்மநாபா சென்னை கோடம்பாக்கத்தில் தோழர்களுடன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூள, பொதுமக்கள் படகேறித் தமிழகக் கரை சேர்ந்தனர். அவர்களுக்கு முகாம்கள் திறக்கப்பட்டன. புதுக்கோட்டை மாவட்டத்தின் தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணாவிளக்கு ஆகிய இடங்களில் ஈழத்தமிழர் முகாம்கள் இன்றும் உள்ளன. ஆக, ஓராண்டுக்குள்ளேயே ஒரு சாராருக்கு அடைபட்ட கரை மற்றொரு சாராருக்குத் திறந்தது. வந்தவரின் துயரைவிட அவர்களின் அரசியல் அடையாளமே முன்னதில் எடைபோடப்பட்டது எனலாம்.

முடிவுரை

ஆப்கானியத் துணைவர்களுக்கு நுழைவுரிமை வழங்க அமெரிக்கா 2009இல் தனிச்சட்டம் இயற்றியது. அது பலருக்குக் காலந்தாழ்ந்தே பயன்பட்டது. எனினும் கேட்டுப்பெறும் உரிமையொன்றை அளித்தது. இந்தியாவோ 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆதலின் 1990இல் புகலிடம் உரிமையாக அன்றி, ஆட்சியாளரின் இசைவாகவே அமைந்தது. ஒரு படையின் வெளியேற்றத்தை மதிப்பிடுங்கால், திரும்பிய வீரரை மட்டுமன்றி, அவர்களுக்காகப் பேசியோர் எங்குச் சென்று சேர்ந்தனர் என்பதையும் வரலாறு கணக்கிற்கொள்ள வேண்டும்.