ஏதென்ஸ் மேடையில் பழியும் வழக்கும்

கி.மு. 458இல் ஏதென்ஸின் டயனீசஸ் விழா நாடகப் போட்டியில் ஈஸ்கிலஸுக்கு முதற்பரிசு கிடைத்தது. அவர் அரங்கேற்றிய ‘ஒரெஸ்டீயா’ முத்தொகுதி, ஒரே குடும்பத்தைத் தலைமுறைதோறும் விரட்டிய பழியின் கதை.

டிராய் மீது படைகொண்டு செல்லக் காற்று வாய்க்க வேண்டி, மன்னன் அகமெம்னான் மகள் இஃபிஜினியாவைப் பலியிட்டான். பத்தாண்டுப் போரில் வென்று திரும்பியவனை மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா செந்நிற விரிப்பில் நடக்கவைத்து அரண்மனைக்குள் அழைத்துப்போகிறாள். குளிக்கும் இடத்தில், கைகால் அசைக்க முடியாதபடி ஒரு துணியைச் சுற்றி அவனை வெட்டுகிறாள். அவளுடைய கூட்டாளி ஏஜிஸ்தஸுக்கும் பழைய கணக்கு உண்டு: அகமெம்னானின் தகப்பன் ஆட்ரியஸ், ஏஜிஸ்தஸின் உடன்பிறந்தாரைக் கொன்று பெற்றவனுக்கே விருந்தாகப் படைத்தவன். கடைசியில் மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். கொலைகள் பார்வையாளர் கண்முன் நடப்பதில்லை; உள்ளேயிருந்து அலறல் வரும், பிறகு சடலங்கள் காட்டப்படும்.

அன்றைய ஏதென்ஸில் பழி தீர்ப்பது வெறும் கதைப்பொருளல்ல. கி.மு. 621 வாக்கில் டிராக்கோ வகுத்த சட்டம் கொலையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அரசு வழக்கறிஞர் என்று யாரும் கிடையாது. இறந்தவரின் உறவினரே வழக்குத் தொடுக்க வேண்டும். கத்தி எடுக்கும் உரிமை போயிற்று, கடமை போகவில்லை.

மூன்றாம் நாடகத்தில் தாயின் இரத்தத்துக்குப் பழிகேட்டு எரின்யஸ் தேவதைகள் ஒரெஸ்டஸைத் துரத்துகின்றன. பெண்தெய்வம் அதீனா அரியோப்பகஸ் குன்றில் நீதிமன்றம் அமைக்கிறாள். வாக்குகள் சமமாகின்றன, அவன் விடுதலையாகிறான். தாய் உண்மையான பெற்றோரே அல்ல என்று அப்பல்லோ தெய்வம் சொல்லும் வாதம் இன்றைய வாசகருக்குச் சப்பைக்கட்டாகவே படும். எரின்யஸும் அதில் சமாதானமாகவில்லை. நகரில் கோயிலும் வழிபாடும் தருவதாக அதீனா நயந்து பேசிய பிறகே சீற்றம் தணிகின்றன. அந்த அரியோப்பகஸ் மன்றத்தின் அரசியல் அதிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அரசியல் தலைவர் எஃபியால்டீஸ் பறித்து, கொலை வழக்குகளை அதனிடமே விட்டிருந்தார். விரைவில் அவரும் கொலையுண்டார். அரங்கில் இருந்தோர் அதை மறந்திருக்க வழியில்லை.

வழக்காட வழியே இல்லாதவள் நிலை வேறு. கி.மு. 431இல் யூரிபிடீஸ் மேடையேற்றிய மெடியா, கொரிந்தில் உறவற்ற அயல்நாட்டுப் பெண். கணவன் ஜேசன் சத்தியத்தை மீறி அரசன் மகளை மணக்கிறான். மெடியா மணமகளுக்கு நஞ்சு தடவிய ஆடையும் பொற்கிரீடமும் அனுப்புகிறாள். தான் பெற்ற இரு மகன்களையும் கொன்றுவிட்டுச் சூரியதேவனின் தேரில் தப்புகிறாள். அவளைத் தண்டிக்க எந்த மன்றமும் கூடுவதில்லை. அவ்வாண்டுப் போட்டியில் யூரிபிடீஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம், அதாவது கடைசி. முதலிடம் ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு.