அறுந்த இடம் எங்கே?

தொடர்பு அறுந்ததென அறிதல் எளிது. அறுந்த இடத்தை அறிதலே அரிது. கடலடித் தந்திக் காலத்துப் பொறியியலாளர், செப்புக் கம்பியின் மின்தடையைக் கரையிலிருந்தே அளந்து பழுதின் தூரத்தைக் கணித்தனர். கண்ணாடியிழையோ மின்னைக் கடத்தாது. ஆகவே அங்கு ஒளியையே நாட வேண்டியதாயிற்று.

1976இல் அமெரிக்காவில் பார்னோஸ்கி, ஜென்சன் என்போர் அதற்கு வழி கண்டனர். இழையினுள் ஓர் ஒளித்துடிப்பைச் செலுத்தினால், வழியெங்கும் சிதறும் ஒளியில் ஒரு சிறு கூறு திரும்பி வரும். கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். எனவே நொடியின் ஆயிரத்திலொரு பங்கில் மீளும் ஒளி 100 கிலோமீற்றர் தொலைவைச் சுட்டும். சீராகத் தேய்ந்துவரும் அவ்வொளி திடீரெனத் தாழுமிடத்தில் இணைப்போ வளைவோ பழுதுற்றிருக்கும். முற்றாக மறையுமிடமே முறிவு.

2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகப் பகுதியில் கப்பலொன்றின் நங்கூரம் சீ-மீ-வீ 3 கடலடி வடத்தைச் சிதைத்தது. இலங்கையின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதும் முடங்கின. கடல்கடந்து உற்றார் வாழும் இணுவில் போன்ற ஊர்களுக்கு அத்தகைய மௌனத்தின் பொருளைக் கூற வேண்டியதில்லை. 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த பாரத்-லங்கா வடம் மேலுமொரு வழியைத் திறந்தது.

சோதனை முறிவின் இடத்தைச் சொல்லும். முறிந்த பொழுதிலும் பேச்சு நில்லாதிருக்க, மாற்றுவழி முன்னரே அமைந்திருத்தல் வேண்டும்.